உள்நாக்கு

மன்னிச்சுக்கோங்கண்ணா. "பதினோராம் பெட் ராஜமாணிக்கத்தோட வந்தவங்க யாரு, சீக்கிரம் வாங்க"ன்னு கூப்பிட்டது நர்ஸ் அக்கா இல்லை. நான்தான், இந்தத் தூணுக்குப் பின்னாலிருந்து. நீங்க செருப்புக்கூட மாட்டாம ஓடுவீங்கன்னு நான் என்ன கண்டேன்? டீ வேறு கொட்டிவிட்டது. உட்காருங்க, வேற டீ வாங்கித் தர்றேன். உங்க அப்பாவுக்கு ஒண்ணும் இல்லை. சிரிங்கண்ணா. மூணு நாளா இங்கே உட்கார்ந்திருக்கேன், சிரிச்ச முகம் ஒண்ணுகூடக் கண்ணில் படலை. அதனாலதான் செஞ்சேன்.

என் பேர் யுகேந்திரன். அந்தப் பேர் ரேசன் கார்டில் மட்டும்தான் இருக்கிறது. ஊரில் எல்லாருக்கும் நான் மைக்செட்டு. பதினொண்ணாவது படிக்கிறேன். எங்க தலைமையாசிரியர் குரலில் ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கே மத்தியானம் லீவு விட்டிருக்கேன். பால் சொசைட்டிக்காரர் வண்டி ஹாரனை வாயாலேயே அடித்து, விடியறதுக்கு முன்னாடி தெருப் பெண்கள் எல்லாரையும் தூக்குப் போசியோடு வாசலில் நிற்க வைத்திருக்கேன். ஒருத்தர் ரெண்டு வார்த்தை பேசினால் போதும், மூணாவது வார்த்தையை நான் பேசிவிடுவேன். இப்பக்கூட உங்க குரல் வந்துடுச்சு. "ஏம்ப்பா, விளையாடற எடமா இது?" எப்படி? அந்த "ஏம்ப்பா"வில் ஒரு இழுப்பு இருக்கு பாருங்க, அது வேலூர்ப் பக்கம்தானே?

உள்ளே இருக்கிறது தரணி. என் பெரியப்பா மகன். என்னைவிட மூணு வயசு மூப்பு, ஆனா நான் அண்ணன்னு கூப்பிட்டதே இல்லை. கிணற்றில் விழுந்துவிட்டான். முதுகு போச்சு, தலையிலும் அடி. பிழைப்பானா இல்லையான்னு டாக்டர் இன்னும் வாயைத் திறக்கலை. பெரியப்பா இப்போ உள்ளேதான் போயிருக்கார், பேசணும்னு வரச் சொன்னாங்க. அவர் வர்ற வரைக்கும் நான் யாரிடமாவது பேசிக்கொண்டே இருக்கணும்ண்ணா. வாயை மூடினால் எனக்கு என்னமோ பண்ணுது.

எதற்குக் கிணற்றுப் பக்கம் போனான்னு எல்லாரும் கேட்டார்கள். குளிக்கப் போனான்னு சொல்லியிருக்கோம். தண்ணியில்லாத கிணற்றுக்குக் குளிக்கப் போனானாம்! பெரியப்பாவுக்குப் பொய் சொல்லவே வராதுண்ணா. என்னைக் கேட்டிருந்தால் நல்லதாக ஒண்ணு சொல்லியிருப்பேன்.

நீங்க ஃபாரஸ்ட்டு ஆள் இல்லையே? இல்லைதானே. அப்படியானால் உண்மையைச் சொல்றேன். நரிக்குப் போயிருந்தோம்.

எங்க ஊர் வாழப்பாடி தாண்டி, கரடுங்கற பாறைக் குன்றோட அடியில் இருக்கிறது. அந்தப் பக்கமெல்லாம் தை மாசம் வங்கா நரி பிடிப்பாங்க. கொல்றதில்லை. வலை போட்டுப் பிடித்து, வாயைக் கட்டி, காணும் பொங்கல் காலையில் கோயிலுக்குத் தூக்கிப் போய் ஊருக்குக் காட்டிவிட்டு, திரும்பக் கரட்டிலேயே விட்டுவிடுவாங்க. நரி முகத்தில் முழிச்சால் வருசம் விளங்கும். இப்போ அதைத் தொட்டாலே கேஸ். அதனால் சத்தமில்லாமல் செய்கிறோம். ரெண்டு வருசமா நரி சிக்கலை. ரெண்டு வருசமா மழையும் இல்லை. பத்தாததுக்குப் பெரியம்மாவுக்கு நெஞ்சைப் பிளந்து ஆபரேசன். அதிர்ச்சியாக எதுவும் காதில் விழக் கூடாதுன்னு டாக்டர் எழுதியே கொடுத்திருக்கார். பெரியப்பா ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டார். "இந்த வருசம் எப்படியாச்சும் நரி வேணும். ஊருக்கு முந்தி அவ அதும் முகத்துல முழிக்கோணும்" என்றார்.

நரியைத் துரத்திப் பிடிக்க முடியாதுங்க. கூப்பிட்டுத்தான் பிடிக்கணும். ஊதல் வைத்துக் கூப்பிடணும். முயல் கண்ணியில் மாட்டி அழுகிற மாதிரி ஊதினால், நரி தீனின்னு நினைத்து வரும். வந்தால் வலை.

ஊதல் என்றால் தேர்க்கடையில் விற்கிற பீப்பீ இல்லை. ரெண்டு சாதி இருக்கிறது. வெளிநாக்கு, உள்நாக்கு. வெளிநாக்கு என்னுடையது. ரெண்டு மூங்கில் சிம்புக்கு நடுவில் பனங்குருத்து ஓலையைச் சீவி வைத்துக் கட்டியிருக்கும். ஓலைதான் நாக்கு. அது வெளியே தெரியும். உதட்டை நுனியில் வைத்து ஊதினால் எலி. கொஞ்சம் உள்ளே தள்ளினால் மயில் குஞ்சு. இன்னும் தள்ளினால் முயல். ஒரே ஊதலில் பத்துத் தொண்டை இருக்கு, ஆனா ஊதத் தெரியணும். தெரியாதவன் ஊதினால் கிழிஞ்ச பலூன் மாதிரி வரும். தரணி ஊதினால் அப்படித்தான் வரும்.

உள்நாக்கு வேற. குழலுக்குள்ளே நாக்கு மறைஞ்சிருக்கும். உதடு படாது. ஒரே குரல்தான் வரும், எவன் ஊதினாலும் வரும். அதில் ஒரு தொந்தரவு, எச்சில் உள்ளே இறங்கிடும். கால் மணி நேரம் ஊதினால் நாக்கு ஊறிப் போய்க் குரல் உடையும். சளி பிடிச்சவன் அழுகிற மாதிரி ஆயிடும். ஆன்லைனில் ஒரு பிளாஸ்டிக் ஊதல் வரவழைத்தேன். அதுவும் உள்நாக்குதான். ஊதினேன், எங்க வீட்டுக் கோழி எல்லாம் கூரை மேல் ஏறிடுச்சு. நரி மட்டும் வரவில்லை. எந்தக் காற்றுக்கு எந்த ஊதல், எந்தப் பொழுதுக்கு எந்தக் குரல்னு நான் வருசம் பூரா எழுதி வைத்திருக்கேன். பரீட்சைக்குக்கூட அப்படிப் படித்ததில்லை. காற்று அடித்தால் கூர்மையான குரல் வேணும். அடங்கி இருந்தால் மெலிசா ஊதணும். நரி கிட்டே வந்த பிறகு ஊதலே கூடாது. புறங்கையில் உதட்டை வைத்து உறிஞ்சினால் எலிக்குஞ்சு மாதிரி ஒரு சத்தம் வரும், அது போதும். எல்லாவற்றையும்விட முக்கியம் நிறுத்தத் தெரியணும். அரை நிமிசம் அழணும், அப்புறம் நிறுத்திடணும். அடிபட்ட உசிரு விடாமல் அழாது. அதுக்கும் மூச்சு வாங்கும் இல்லையா?

இவ்வளவு தெரிஞ்சவன் வீட்டிலேயே இருக்கும்போது பெரியப்பா என்ன செய்தார் தெரியுமா? பச்சமுத்துன்னு ஒரு ஆளை ஆத்தூர்ப் பக்கமிருந்து கூட்டிக்கொண்டு வந்தார். ஊதறதில் பெரிய ஆளாம். ஐம்பது வயசிருக்கும். எருமைக் கொம்பில் குடைஞ்ச உள்நாக்கு ஊதல் வைத்திருந்தார். கொம்பாக இருந்தால் என்ன, தங்கமாக இருந்தால் என்ன, உள்நாக்கு உள்நாக்குதானே!

வந்த அன்றைக்கே களத்துமேட்டில் என்னை ஊதச் சொன்னார். ஊதினேன். தெருக்கோடியிலிருந்து ரெண்டு நாய் ஓடி வந்தது.

"தம்பி ஊதினா நரி வராது போல. நாய்தான் வருது" என்றார் பச்சமுத்து.

எல்லாரும் சிரித்தார்கள். அதில் தரணி கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான்.

நான் அப்படியே பச்சமுத்து குரலில் திருப்பிச் சொன்னேன்: "வந்த ரெண்டும் நம்மூரு நாய்ங்க. மூணாவது ஆத்தூர்ல இருந்து பஸ்சுல வந்திருக்குது."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பெரியப்பாவே துண்டை வாயில் வைத்துக்கொண்டார். பச்சமுத்து மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார். "நல்லா வருது குரலு. ஆனா ஒண்ணு தம்பி, நரிக்குன்னு ஊதற சத்தம் நரிக்கு மட்டும் கேக்காது" என்றார். அதற்கு என்ன அர்த்தம்? ஒண்ணும் இல்லை. பதில் வராதவங்க இப்படித்தான் எதையாவது பெரிசாகச் சொல்லி வைப்பாங்க.

மாட்டுப் பொங்கல் அன்றைக்குச் சாயங்காலம் போனோம். பொழுது சாய்கிற நேரத்தில்தான் நரி கரட்டை விட்டு இறங்கும். கிழக்கால ஓடையில் பச்சமுத்துவும் பெரியப்பாவும் ஒரு வலையோடு இருந்தார்கள். நடுவில் பாறைச் சந்தில் இன்னொரு வலை. அதுக்கு நானும் தரணியும். கயிறு என் கையில். மற்றவங்க எல்லாம் கீழே வண்டித் தடத்தில்.

தரணிக்கு அன்றைக்கு ஜலதோசம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தான். நான் ஊதி நிறுத்துவேன், காடே மூச்சை அடக்கிக் கேட்கும், இவன் சர்ருன்னு உறிஞ்சுவான். "டேய், ஒரு வாட்டி எங்கிட்டக் குடுடா, நான் ஊதறேன்" என்று வேறு கையை நீட்டினான். இவனை வைத்துக்கொண்டு எப்படி நரி பிடிக்கிறது? ஒண்ணுக்குப் போவது போல எழுந்து பாறைக்குப் பின்னால் போனேன். பெரியப்பா குரலை எடுத்தேன்.

"தரணி! மேக்கால ஆளில்லடா. போய் நில்லு!"

ஒரே ஒரு வரி. அவன் "சரிங்கப்பா" என்றான் பாருங்க! மடித்துக் கட்டியிருந்த கைலியைக்கூட இறக்கி விட்டுக்கொண்டான். இல்லாத அப்பாவுக்கு அவ்வளவு மரியாதை! கைலி புல்லில் புரளப் புரள வேகமாகப் போனான். நான் பாறைக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

என்னண்ணா அப்படிப் பார்க்கறீங்க? மேக்காலன்னா கிணற்றுக்குள்ளேன்னா அர்த்தம்? அங்கே மொட்டைக்கிணறு இருக்கிறது ஊருக்கே தெரியும். சுற்றுச்சுவர் கிடையாது, விளிம்பு தெரியாமல் புல் மூடிக்கிடக்கும், எல்லாம் தெரியும். அவனுக்கும் தெரியும். இது தினமும் நடக்கிற விளையாட்டுதான். அவனைப் பெரியப்பா குரலில் மாட்டுக்குத் தண்ணி காட்ட அனுப்பியிருக்கேன், கடைக்கு அனுப்பியிருக்கேன், படத்துக்குக் கிளம்பினவனைப் பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்ப வர வைத்திருக்கேன். அப்போதெல்லாம் ஒண்ணும் ஆகவில்லையே!

சரி, கேளுங்க. நான் ஊத ஆரம்பித்தேன். முதலில் முயல். அரை நிமிசம் அழுது, நிறுத்தி, காத்திருந்து, மறுபடி. காற்று அடங்கிப் போச்சு. பொழுது பனை உசரத்துக்கு இறங்கிடுச்சு. அப்போதான் அந்தச் சத்தம் வந்தது.

ஆமாம், மேற்கேயிருந்துதான். அதனால் என்ன?

மேலே ஏறித் தொடங்கும். நடுவில் உடையும். அப்புறம் பானைக்குள்ளே வாயை வைத்து ஊதினது மாதிரி அடங்கிப் போகும். கொஞ்ச நேரம் ஒண்ணும் இருக்காது. மறுபடியும் அதே. நான் கேட்ட உடனே சொல்லிட்டேன், உள்நாக்கு. எச்சில் இறங்கின உள்நாக்கு. பச்சமுத்து ஓடையை விட்டுட்டு எனக்குத் தெரியாம மேக்கால போய் உட்கார்ந்து, என் நரியை மறிச்சுக் கூப்பிடறார்னு புரிஞ்சுடுச்சு. ரத்தம் கொதிச்சுதுண்ணா! அதுவும் என்ன ஊதல் அது? முயல் அப்படி அழவே அழாது. முயல் பயத்தில் அழும். இது யாரையோ கூப்பிடற மாதிரி இருந்தது. இவ்வளவுதானா ஆத்தூர்க்காரர் வித்தைன்னு நினைத்தேன்.

இடையில் ஒரு தடவை "ப்பா"ன்னுகூட வந்தது. ஊதலில் "ப்பா" வருமான்னு கேட்கறீங்களா? வரும். உதட்டை மூடித் திறந்தால் வரும். நான் என் ஊதலிலேயே "அம்மா"ன்னு சொல்லுவேன். பாக்கெட்டில்தான் இருக்கு. இங்கே ஊத விட மாட்டாங்க.

ஆனால் நரி வந்துடுச்சுண்ணா. அந்தக் கேவலமான ஊதலுக்கு வந்துடுச்சு. எனக்கு இருபதடி தள்ளிப் போனது. தவிட்டு நிறம், மெலிஞ்சு கிடந்தது. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. காது ரெண்டையும் மேற்கே வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், தனக்குன்னு எடுத்து வைத்த சோற்றுக்குப் போகிற மாதிரிப் போனது. அதைப் பார்த்ததும் முதுகுத்தண்டு சில்லென்று ஆயிடுச்சு. ஏன்னு தெரியவில்லை. சந்தோசத்தில்தான் இருக்கும்.

அப்போதான் வாழ்க்கையிலேயே நல்ல ஊத்து ஊதினேன். முயலை விட்டுவிட்டேன். அந்தக் குரலையே எடுத்தேன். அதே ஏற்றம், அதே உடைசல், அதே பானைச் சத்தம். அந்த "ப்பா"வையும் விடவில்லை. நரி நின்றுவிட்டது. அங்கே ஒண்ணு கேட்கும், இங்கே ஒண்ணு கேட்கும். அங்கே அழும், நான் அழுவேன். அங்கே கூப்பிடும், நான் கூப்பிடுவேன். நரி அந்தப் பக்கம் தலையைத் திருப்பும், இந்தப் பக்கம் திருப்பும். அந்தப் பக்கம் இருந்த ஆளுக்கு எதிரொலி கேட்ட மாதிரி இருந்திருக்கும். ஒரு தடவை வேகமாக, ரொம்ப வேகமாக, மூணு நாலு தரம் வந்தது. நானும் விடவில்லை. அப்படியே திருப்பிக் கொடுத்தேன்.

அப்புறம் அங்கே நின்று போச்சு.

பச்சமுத்துவுக்கு மூச்சு வாங்கிடுச்சு, நான் ஜெயிச்சுட்டேன்! ஊதலை இறக்கிவிட்டுப் புறங்கையை உறிஞ்சினேன், எலிக்குஞ்சு மாதிரி. நரி திரும்பி நேராக என் சந்துக்குள் வந்தது. கயிற்றை விட்டேன். வலை விழுந்தது.

அந்தக் கூத்தை நீங்க பார்த்திருக்கணும். வண்டித் தடத்திலிருந்து எல்லாரும் ஓடி வந்தார்கள். தப்பட்டை அடித்தார்கள். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். ரெண்டு வருசத்துக்கு அப்புறம் சிக்கின நரி, அதுவும் மைக்செட்டு பிடித்த நரி! பெரியப்பா என் கன்னத்தை ரெண்டு கையாலும் பிடித்து, "கண்ணு, உம் பெரியம்மாவைக் காப்பாத்திட்டடா" என்றார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. பச்சமுத்து தள்ளி நின்று நரியைப் பார்க்காமல் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொறாமை.

அந்தச் சந்தடியில் பெரியப்பா திரும்பி, "தரணி எங்கடா?" என்று கேட்டார். நான் யாரோ ஒருத்தர் தோள் மேல் இருக்கேன். "இங்கதானப்பா இருக்கேன்" என்றேன்.

தரணி குரலில்தான். மூக்கடைப்போடு.

வேணும்னு செய்யலைண்ணா. அது தானாக வரும். யாராவது ஒருத்தர் பேரைச் சொல்லிக் கேட்டால், அவங்க குரலில் பதில் வந்துடும், பழக்கம். பெரியப்பா தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். எல்லாரும் வீட்டுக்கு வந்துவிட்டோம். தரணி சாப்பிட வரவில்லை என்றதும் கூட்டாளிங்களோடு சுற்றப் போயிருப்பான்னு நினைத்தார்கள். நானும்தான் நினைத்தேன். நான் வேற என்ன நினைக்கிறது?

காலையில் நரியை முதலில் பெரியம்மா கட்டிலுக்குக் கொண்டு போனோம். வாயைச் சணலால் கட்டியிருந்தது. பெரியம்மா எழுந்து உட்கார்ந்து கும்பிட்டார். நரி அசையாமல் அவரையே பார்த்தது. "என்னமோ சொல்ல வருதுங்க" என்றார் பெரியம்மா. வாயைக் கட்டியிருக்கே, என்னத்தைச் சொல்லும்! அங்கிருந்து கோயிலுக்குத் தூக்கிப் போனோம். பூசை போடுகிற நேரத்தில் ஆடு மேய்க்கிற குப்பாயி அக்கா தலைவிரிகோலமாக ஓடி வந்தார். மொட்டைக்கிணற்றில் ஆள் கிடக்குதுன்னார். பாறை மேல், மல்லாக்க, மூச்சு இருக்குதுன்னார்.

கயிற்றைப் பிடித்திருந்தவங்க எல்லாரும் விட்டுவிட்டு ஓடினார்கள். நரி கரட்டைப் பார்த்து ஓடிடுச்சு. வாய்க்கட்டை யாரும் அவிழ்க்கவில்லை. அது இப்போ எதைத் தின்னும், எப்படித் தண்ணி குடிக்கும்? அதை யாராவது நினைத்தார்களா? நான்தான் நினைத்துக்கொண்டிருக்கேன்.

தீயணைப்பு வண்டிக்காரங்க வந்து தூக்கினார்கள். ஆம்புலன்ஸில் ஏற்றுகிறபோது பச்சமுத்து என் பக்கத்தில் வந்து நின்றார். பையை மாட்டி ஊருக்குக் கிளம்பியிருந்தார்.

"நேத்து மேக்கால ஊதினது யாரு தம்பி?"

"நீங்கதான்."

"நான் ஓடையை விட்டு நகரல. உங்க பெரியப்பன் கூடவேதான் இருந்தேன். எங்களுக்கு எல்லாமே உன் சத்தமாத்தான் கேட்டுச்சு. நீயே ரெண்டு குரல்ல ஊதறன்னு உங்க பெரியப்பன் பெருமையாச் சொன்னாரு."

சொல்லிவிட்டு அவர், பெரியப்பா கொடுத்த வேட்டி துண்டையும் வாங்காமல் போய்விட்டார்.

பொய்ண்ணா. பச்சைப் பொய். தோற்றவன் சொல்கிற பொய். எனக்கு ஊதலுக்கும் தொண்டைக்கும் வித்தியாசம் தெரியாதா? ஒரு ஊர்க் குரலைக் காதில் வைத்திருக்கேன். தரணி குரலை ரெண்டு வயசிலிருந்து கேட்கிறேன். அது தரணியாக இருந்தால் எனக்குத் தெரியாமல் போகுமா? அது உள்நாக்கு. நான் சத்தியம் பண்ணுவேன். இதை நான் வேற யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவங்களும் உங்களை மாதிரித்தான் பார்ப்பாங்க.

இப்போ இதைக் கேளுங்க, இது நல்லா இருக்கும். பெரியம்மாவுக்கு இன்னும் விசயம் தெரியாது. அதிர்ச்சி கூடாதே! தரணி கூட்டாளிகளோடு பழனிக்கு நடந்து போயிருக்கான்னு சொல்லியாச்சு. தைப்பூசத்துக்கு எங்க பக்கமிருந்து கூட்டம் கூட்டமாக நடப்பாங்க. மாலைகூடப் போடாமல் போனானான்னு கேட்டார். உனக்காகத்தான் வேண்டிக்கொண்டு திடீர்னு கிளம்பிட்டான்னு பெரியப்பா சமாளித்தார். ஆனால் பையன் போன் பண்ணலைன்னா அவருக்குத் தூக்கம் வராதே? முதல் நாள் சாயங்காலம் பெரியப்பா இந்த வராந்தாவில் என் முன்னால் வந்து நின்றார். கையைக் கூப்பினார். என் பெரியப்பா, என் முன்னாடி! "நீ பேசு கண்ணு. அவனாட்டம் பேசு" என்றார்.

தரணி பேசறது எப்படின்னா, "ம்மா... அது வந்து..." என்று ஆரம்பிப்பான். வார்த்தைக் கடைசியை முழுங்கிடுவான். ரொம்ப சுலபம். முதல் நாள் ரெண்டு நிமிசம் பேசினேன். நேற்று கால் மணி நேரம். வழியில் என்ன சாப்பிட்டேன், யார் காலில் கொப்பளம், எந்த மண்டபத்தில் தங்கினேன்னு அள்ளி விட்டேன். பெரியம்மா சிரித்தார். அப்புறம், "இத்தனை வருசத்துல நீ எங்கிட்ட இவ்வளவு நேரம் பேசினதே இல்ல சாமி" என்றார். பார்த்தீங்களா? நிஜத் தரணியைவிட நல்லாப் பண்றேன்.

"காலு வலிக்குதா கண்ணு?"ன்னு கேட்டார்.

"காலு இருக்கறதே தெரியலம்மா"ன்னேன்.

டாக்டர் அன்றைக்குக் காலையில் சொன்னதுதான். இடுப்புக்குக் கீழே ஒண்ணும் தெரியலைன்னு. அதுவே எனக்கு வசதியாக வாயில் வந்துடுச்சு. போனை வைத்ததும் பெரியப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

நேற்று என்னையும் ஒரு நிமிசம் உள்ளே விட்டாங்க. தொண்டையில் குழாய் போட்டிருக்கு. கண்ணைத் திறந்தான். பெரியப்பாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. என்ன சொல்ல வந்தான்னு ராத்திரி பூரா உதட்டை அப்படியே அசைத்துப் பார்த்தேன். ரெண்டு உதட்டையும் மூடித் திறக்கிற ஏதோ ஒரு வார்த்தை. எனக்கே கண்டுபிடிக்க முடியலைன்னா பாருங்க.

அவன் பிழைக்கணும்ண்ணா. நிஜமாகத்தான் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் குழாயை எடுத்த உடனே அவன் என்ன கேட்பான் தெரியுமா? "நீங்கதானப்பா போகச் சொன்னீங்க?"ன்னு கேட்பான். பெரியப்பா என் பக்கம் திரும்புவார். அதனால் சாமியிடம் வேண்டும்போது, பிழைக்கட்டும், ஆனா பேச்சு மட்டும் கொஞ்ச நாள் கழித்து வரட்டும்னு சேர்த்து வேண்டிக்கொண்டேன். கொஞ்ச நாள்தான். அது தப்பாண்ணா?

இருங்க, பெரியப்பா வந்துட்டார். அந்தக் கதவுகிட்ட நிற்கிறது அவர்தான். கையில் என்னமோ பேப்பரில் சுற்றிக் கொடுத்திருக்காங்க. தரணியோட அரைஞாண் கயிறு. வெள்ளி. அறுத்திருக்காங்க. ஸ்கேன் எடுக்கிறதுக்காக இருக்கும், உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாதாம், நேற்றே யாரோ சொன்னாங்க. உட்காருங்க பெரியப்பா. தரையில் ஏன் உட்கார்றீங்க, பெஞ்சு இருக்கே. தண்ணி வேணுமா?

பாருங்க, போன் வேற. பெரியம்மாதான். மணி அஞ்சரை ஆனால் சரியாகக் கூப்பிட்டுடுவாங்க. கொஞ்சம் பேசாம இருங்கண்ணா, பின்னாடி ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்கக் கூடாது.

"ம்மா... அது வந்து... நடந்துட்டுத்தாம்மா இருக்கேன். ம்... சாப்ட்டேன். ஜலதோசமெல்லாம் போயிருச்சும்மா. மூச்சு நல்லா வருது. இல்லம்மா, அழுவல, காத்து. ரோட்டுல காத்து... என்னம்மா? ம்... இரும்மா, கேட்டுச் சொல்றேன்."

பெரியப்பா. பெரியப்பா, இங்கே பாருங்க. தரணி எப்போ வீட்டுக்கு வருவான்னு கேட்கிறாங்க. என்னன்னு சொல்லட்டும்?

"காலையில கூட்டிட்டு வந்தர்றோம்னு சொல்லு."

கேட்டீங்களாண்ணா! காலையில் விட்டுடறாங்களாம். நான்தான் சொன்னேனே. ஆனா "கூட்டிட்டு வந்தர்றோம்"னு எப்படிச் சொல்றது பெரியப்பா, இப்போ பேசறது தரணி இல்லையா? சரி, சரி, நானே மாத்திச் சொல்லிக்கிறேன்.

"ம்மா... அது வந்து... காலைல வந்தர்றேன்மா."